லென்ஸ்ல இருந்த தூசியும் எங்க 97 சதவீதமும்

போன செமஸ்டர்ல ஒரு வியாழக்கிழமை, ராத்திரி ஒன்றரை மணி. எங்க டீம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. டெஸ்ட் அக்யூரசி 97 சதவீதம். அடுத்த ரெண்டு நிமிஷம் குரூப்ல வெறும் ஸ்டிக்கர்தான். ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்கு இந்த சந்தோஷத்தை நான் விளக்க வேண்டியதில்ல. ஜூனியர்ஸ், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

ப்ராஜெக்ட் என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. சர்க்கரை நோயால கண்ணு பாதிச்சிருக்கான்னு போட்டோ பார்த்துச் சொல்ற மாடல். ஆமா, உங்க கிளாஸ்லயும் ரெண்டு டீம் இதைத்தான் பண்ணிட்டு இருப்பாங்க. டேட்டா இலவசமா கிடைக்குது, கோட் கிட்ஹப்ல கிடைக்குது, "சமுதாயப் பயன்பாடு"ன்னு ரிப்போர்ட்ல ஒரு பக்கம் எழுதவும் வசதி. நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா அந்த 97-ஐ வச்சு நான் கத்துக்கிட்ட விஷயம் எந்த சிலபஸ்லயும் இல்ல. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல நோயைப் பத்திக் கொஞ்சம். நம்ம கண்ணோட பின்பக்கத்துல இருக்கிற விழித்திரையில் ரொம்ப நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுது. பல வருஷம் சர்க்கரை அதிகமா இருந்தா அந்தக் குழாய்களோட சுவர் பலவீனமாகி, அங்கங்க சின்னச் சின்னதா உப்பிக்கொள்ளும். போட்டோவில் அது குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளியாத் தெரியும். அப்புறம் ரத்தம் கசியும், கொழுப்பு மஞ்சள் திட்டா படியும். கடைசிக் கட்டத்துல புதுசா, வலுவில்லாத குழாய்கள் முளைக்கும். அதுங்க உடைஞ்சு ரத்தம் கொட்டினா பார்வை போயிடலாம். கொடுமை என்னன்னா, ஆரம்பத்துல நோயாளிக்கு ஒண்ணுமே தெரியாது. பார்வை நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் சர்க்கரை இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதிக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. நம்ம கோபாலபுரத்துல இருக்கிற மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தின ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல வெளியானப்போ, இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடின்னு சொல்லிச்சு. 10 கோடி பேர்னா 20 கோடி கண். எல்லாத்தையும் விழித்திரை நிபுணர்களே உக்காந்து பார்க்க முடியாது. மெஷின் உதவி செய்ய முடியுமாங்கிற கேள்வி அங்கதான் வருது.

நாங்க எடுத்த டேட்டா, 2019-ல காகிள் போட்டிக்காக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கொடுத்த 3,662 படங்கள். ஒவ்வொண்ணுக்கும் 0-லிருந்து 4 வரை ஒரு எண். 0-ன்னா நோய் இல்ல, 4-ன்னா முத்தின நிலை. நாங்க அதை "இருக்கு", "இல்ல"ன்னு ரெண்டாச் சுருக்கிட்டோம். அதுதான் 97.

மயிலாப்பூர்ல எங்க அத்தை இருக்காங்க. தி. நகர்ல ஒரு கண் கிளினிக்ல ஆப்டோமெட்ரிஸ்ட், இருபது வருஷத்துக்கு மேல அனுபவம். ரிவ்யூவுக்கு முன்னாடி "டொமைன் எக்ஸ்பர்ட் வேலிடேஷன்"னு ஒரு ஸ்லைடு இருந்தா நல்லா இருக்கும்னு எங்க டீம்ல ஒருத்தன் ஐடியா கொடுத்தான். உண்மையைச் சொல்லணும்னா, அத்தை "சூப்பர்டா"ன்னு சொல்வாங்க, ஒரு போட்டோ எடுத்து ஸ்லைடுல போட்டுடலாம்னுதான் ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். லஸ்ல மெட்ரோ வேலை நடக்கிறதால சுத்திக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உற்சாகம் போயிடுச்சு. மீதி, அத்தை வீட்டு டைனிங் டேபிள்ல போச்சு.

மாடல் "நோய் இருக்கு"ன்னு சொன்ன படங்களை, எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிச்சுன்னு காட்டுற ஹீட்மேப்போட சேர்த்து ஒண்ணொண்ணா காட்டினேன். அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டுப் பார்த்தாங்க. நாலாவது படத்துல நிறுத்தினாங்க.

"இது என்னடா புள்ளி?"

"அதுதான் அத்தை மைக்ரோஅனூரிசம். மாடல் கரெக்டா பிடிச்சிருக்கு பாருங்க."

"இதுக்கு முன்னாடி ஒரு படம் காட்டினியே, அதைப் பக்கத்துல வை."

வச்சேன். அந்தப் படத்துலயும் கிட்டத்தட்ட அதே இடத்துல ஒரு புள்ளி. லேசா சாம்பல் நிறம்.

"வெள்ளையா வட்டமா இருக்கே, பார்வை நரம்பு, அது இந்தப் படத்துல வலது பக்கம் இருக்கு. அப்போ இது வலது கண்ணு. அந்தப் படத்துல இடது பக்கம், அது இடது கண்ணு. ரத்தக் குழாய் ஓடுறதும் வேற மாதிரி, ஆளே வேற. ரெண்டு பேருக்கும் போட்டோல அதே மூலையில அதே அளவுல எப்படிடா புள்ளி வரும்? இது கண்ணுல இல்ல. கேமரா லென்ஸ்ல தூசி."

நான் ஒண்ணும் பேசல.

அடுத்து இன்னொரு படம். மாடல் 99 சதவீத உறுதியோட "நோய் இருக்கு"ன்னு சொன்னது. விழித்திரையோட ஓரம் முழுக்க வட்ட வட்டமா வெளுத்த தழும்புகள், ஹீட்மேப் அதுங்க மேல தகதகன்னு எரியுது. அத்தை பார்த்த உடனே, "இவருக்கு ஏற்கெனவே லேசர் போட்டாச்சு. இது லேசர் தழும்பு. நோய் முத்தினவங்களுக்குத்தானே லேசர் போடுவாங்க, அதனால உன் மாடல் தழும்பைப் பார்த்தா நோய்னு கத்துக்கிச்சு. ஆனா இந்த ஆள் என்கிட்ட வந்தா நான் பார்க்க வேண்டியது தழும்பை இல்ல, புதுக் குழாய் திரும்ப வந்திருக்கான்னு. அதை உன் மாடல் பார்க்கவே இல்லையே"ன்னாங்க.

லேபிள்படி எங்க மாடலோட விடை சரி. அக்யூரசியில அந்தப் படமும் ஒரு மார்க் வாங்கியிருக்கு. ஆனா சொன்ன காரணம் தப்பு.

மூணாவதா ஒண்ணு, அதை நாங்களே வீட்டுக்கு வந்து கண்டுபிடிச்சோம். சில படங்கள்ல ஹீட்மேப் கண்ணையே பார்க்கல, வட்டத்துக்கு வெளியில இருக்கிற கறுப்பு ஓரத்தைப் பார்த்துச்சு. படங்கள் எல்லாம் ஒரே அளவு இல்ல, ஒரே மாதிரி வெட்டினதும் இல்ல. மாடலுக்கு நோயைவிட ஓரத்தைப் படிக்கிறது சுலபமா இருந்திருக்கு. எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டி, லேசர் படங்களைத் தனியா வச்சு, மறுபடி டிரெய்ன் பண்ணோம். மகாராஷ்டிராவுல நாந்தேட்ல எடுத்த ஐடிரிட்ங்கிற வேற டேட்டாசெட்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். 97 போய் 81 வந்து நின்னுச்சு.

இப்போ நீங்க, "சரிப்பா, நீங்க ஸ்டூடன்ட்ஸ், அரைகுறையா பண்ணீங்க. பெரிய கம்பெனிக்காரங்க இப்படிப் பண்ண மாட்டாங்களே"ன்னு கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சு கூகுளோட பேப்பர்களை எடுத்துப் படிச்சேன். அப்போதான் இந்தக் கதையோட பெரிய பாகம் நம்ம ஊர்லயே நடந்ததுன்னு தெரிஞ்சது.

2016 டிசம்பர்ல ஜாமா இதழ்ல கூகுள் டீம் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில பெரிய திருப்பம். வருண் குல்ஷன், லில்லி பெங் ஆகியோரோட, அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ஒருத்தரும், நம்ம நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டுல இருக்கிற சங்கர நேத்ராலயாவோட டாக்டர் ராஜீவ் ராமனும் அதுல கூட்டு ஆசிரியர்கள். பேப்பரைத் திறந்ததும் நான் நியூரல் நெட்வொர்க் பகுதிக்குத்தான் ஓடினேன். அங்க பெருசா ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் கிடைக்கிற இன்செப்ஷன் வி3. நிஜமான உழைப்பு வேற இடத்துல இருந்தது. 1,28,175 படங்கள், ஒவ்வொண்ணையும் மூணுலேர்ந்து ஏழு தடவை வெவ்வேற டாக்டர்கள் பார்த்து மார்க் போட்டிருக்காங்க. மொத்தம் 54 பேர். ஏன் ஒரே படத்தை ஏழு தடவை? ஏன்னா டாக்டர்களே ஒத்துப்போறதில்ல. ஒருத்தர் 1-ங்கிறார், இன்னொருத்தர் 2-ங்கிறார்.

2018-ல அதே குழு இன்னும் ஒரு படி உள்ள போச்சு. பெரும்பான்மை ஓட்டை எடுத்துக்கிறதுக்குப் பதிலா, விழித்திரை நிபுணர்கள் மூணு பேர் கருத்து வேறுபாடு வந்த படங்களைப் பத்தி விவாதிச்சு ஒரு முடிவுக்கு வரணும்னு வச்சாங்க. அப்படி வந்த முடிவுக்கும் பெரும்பான்மை ஓட்டுக்கும் எங்கெங்க வித்தியாசம்னு எண்ணிப் பார்த்தா, 36 சதவீதம் சின்னப் புள்ளிகளைக் கவனிக்காம விட்டது, 20 சதவீதம் கண்ணுல இல்லாத, படம் எடுக்கிறப்போ வந்த குறையை நோய்னு எடுத்துக்கிட்டது. அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு அத்தை வீட்டு டைனிங் டேபிள் ஞாபகம் வந்துடுச்சு. டாக்டர்களையே ஏமாத்துற விஷயம் எங்க மாடலை ஏமாத்தினதுல ஆச்சரியமே இல்ல. நிபுணர்கள் இப்படிப் பேசி முடிவு செஞ்ச படங்கள் வெறும் சில ஆயிரம்தான். ஆனா அதை வச்சு டியூன் பண்ணதுல மாடல் நல்லாவே முன்னேறிச்சு.

நேர்மையா இன்னொண்ணையும் சொல்லணும். "மெஷின் மட்டம், மனுஷன் ஒசத்தி"ன்னு நான் கதை சொல்ல வரல. 2019-ல வெளியான ஆய்வு ஒண்ணு, அரவிந்த்லயும் சங்கர நேத்ராலயாவுலயும் 3,049 நோயாளிகளை வச்சு நடந்தது. நோய் இருக்கிறவங்க 100 பேர்ல எத்தனை பேரைப் பிடிக்குதுங்கிற அளவுல, தனித்தனியா படம் பார்த்த மனுஷங்க 73-லேர்ந்து 90 வரைக்கும் இருந்தாங்க. மென்பொருள் அரவிந்த்ல 88.9, சங்கர நேத்ராலயாவுல 92.1. மென்பொருள் மனுஷங்களுக்குச் சமமாவோ மேலயோதான் இருந்தது. ஆனா அந்தப் பரிட்சைக்கு விடைத்தாள் எங்கேர்ந்து வந்தது? கருத்து வேறுபாடு வந்த இடத்துல மூணு விழித்திரை நிபுணர்கள் சொன்னதுதான் விடை.

அப்புறம் அதே மாதிரி மென்பொருளைத் தாய்லாந்துல 11 கிளினிக்ல கொண்டுபோய் வச்சாங்க. 2020-ல எம்மா பீடி குழுவினர் அதைப் பத்தி எழுதினாங்க. முதல் ஆறு மாசத்துல அனுப்பின 1,838 படங்கள்ல 21 சதவீதத்தை, தரம் போதாதுன்னு மென்பொருளே திருப்பி அனுப்பிடுச்சு. காரணம் ரொம்பச் சாதாரணம். பல இடத்துல ரூமை இருட்டாக்க வசதியில்ல. இருட்டு இல்லைன்னா கண்மணி விரியாது, படம் மங்கும். நர்ஸுங்க பார்த்தா "இந்த அளவு தெளிவு போதும், இந்த இடத்துல ஒண்ணுமில்ல"ன்னு சொல்லக்கூடிய படத்தையும் அது ஏத்துக்கல. திருப்பி அனுப்பப்பட்டவங்க வேலையை விட்டுட்டு இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். லேப்ல டாக்டர் அளவுக்கு மார்க் வாங்கின டூல், ஜன்னல் திரை இல்லாத ரூம்ல திணறிச்சு.

சரி, கண்ணை விட்டு வெளிய வருவோம். நம்மள்ல பாதிப் பேர் போகப்போறது ஓஎம்ஆர்ல ஏதோ ஒரு கேபினுக்கு. அங்க மேனேஜர் முதல் நாளே ஒரு ஏஐ அசிஸ்டன்ட் லைசென்ஸ் கொடுப்பார். அது நமக்கு எவ்வளவு உதவும்?

இதுக்கு ரெண்டு ஆய்வு, ஒண்ணுக்கொண்ணு முரண் மாதிரி தெரியும். 2023-ல எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு, கஸ்டமர் சப்போர்ட்ல வேலை செய்யுற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவங்களைப் பார்த்தாங்க. ஏஐ வந்ததும் சராசரியா 14 சதவீதம் வேலை கூடிச்சு. புதுசா சேர்ந்தவங்களுக்கு 34 சதவீதம். பழைய கைகளுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. 2025-ல மெட்ர்ங்கிற அமைப்பு, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை அவங்க வருஷக்கணக்கா பழகின ஓப்பன் சோர்ஸ் கோட்லயே 246 வேலைகள் செய்ய வச்சாங்க. ஏஐ வச்சுக்கிட்டப்போ 19 சதவீதம் அதிக நேரம் ஆச்சு. இதுல காமெடி, வேலை முடிஞ்சப்புறமும் அவங்க 20 சதவீதம் வேகமா முடிச்சதாத்தான் நம்பிட்டு இருந்தாங்க.

முதல் ஆய்வை மட்டும் படிச்சா நமக்குக் குஷியா இருக்கும், ஃப்ரெஷருக்குத்தான் லாபம்னு. ஆனா அந்த 34 சதவீதம் எங்கேர்ந்து வந்தது? அந்த டூல் கத்துக்கிட்டது, அதே கம்பெனியில நல்லா வேலை செய்யுறவங்க பேசின பழைய சாட்டுங்களைப் பார்த்து. சீனியரோட பேச்சை ஜூனியரோட ஸ்கிரீன்ல கொண்டுவந்து காட்டுது. சீனியருக்கு அது அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ற மாதிரி, அதனால லாபமில்ல. ரெண்டாவது ஆய்வுல டெவலப்பருக்கு டூலைவிட அந்தக் கோட் நல்லாத் தெரியும். அது எழுதினதைச் சரிபார்த்துத் திருத்துறதுலயே நேரம் போயிடுது. என் கணக்குக்கு ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. அறிவு எங்கயோ ஒரு மனுஷன்கிட்ட இருந்தாகணும், டூல் அதை இடம் மாத்துது.

அத்தை வீட்டுல இன்னொரு சோதனையும் பண்ணிப் பார்த்தேன். நான் சாட்ஜிபிடிகிட்ட, கண் படங்களை டிரெய்னிங்குக்கு எப்படித் தயார் பண்றதுன்னு கேட்டேன். பச்சை நிறச் சேனலை எடு, கான்ட்ராஸ்டைக் கூட்டு, அளவைச் சமமாக்குன்னு அழகா எட்டு பாயின்ட் வந்தது. எல்லாம் எங்க ரிப்போர்ட்ல ஏற்கெனவே இருக்கு. அத்தை போனை வாங்கி, "லென்ஸ் தூசியையும் நிஜப் புள்ளியையும் எப்படிப் பிரிக்கிறது, லேசர் போட்ட கண்ணை என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. ஒரே கேமராவுல எடுத்த படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாரு, மாறாம அதே இடத்துல இருக்கிறது தூசி, லேசர் கண்களைத் தனி வகுப்பாக்குன்னு உருப்படியா பதில் வந்தது. அத்தை அதுலயும் ஒரு வரியைக் காட்டி, "கான்ட்ராஸ்ட் கூட்டுன்னு மறுபடியும் சொல்லுது பாரு, கூட்டினா தூசியும் சேர்ந்துதான் பளிச்சுன்னு தெரியும்"னாங்க.

எனக்கு அன்னிக்கு ரொம்ப உறைச்சது இதுதான். தூசியைப் பத்தி அந்த டூலுக்குத் தெரியாம இல்ல. எனக்குக் கேக்கத் தெரியல.

"நீங்க இதெல்லாம் எப்படி அத்தை கத்துக்கிட்டீங்க?"

வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு வருஷம், ஒரு நாளைக்கு நூறு படம் பார்த்து எழுதி வைப்பாங்களாம். சாயங்காலம் ஒரு சீனியர் டாக்டர் வந்து சிவப்புப் பேனால அடிப்பாராம். "தூசியை நோய்னு எழுதி நானும் திட்டு வாங்கியிருக்கேன். அந்தத் திட்டுதான் இன்னிக்குக் கண்ணுல படுது"ன்னாங்க.

இங்கதான் எனக்குப் பயம் வருது. அந்த நூறு படம் பார்க்கிற வேலைதான் முதல்ல மெஷினுக்குப் போற வேலை. நமக்கும் அப்படித்தானே? சின்ன பக் சரிபண்றது, டெஸ்ட் கேஸ் எழுதுறது, யாரோ எழுதின பழைய கோடைப் படிக்கிறதுன்னு ஃப்ரெஷருக்குக் கொடுக்கிற வேலை எல்லாம் டூல் பத்து செகண்ட்ல முடிக்கிற வேலை. அதைச் சரின்னோ தப்புன்னோ சொல்லக்கூடிய கண்ணு அந்த வேலையைச் செஞ்சுதான் வரணும். இதுக்கு என்கிட்ட ரெடிமேட் விடை இல்ல. ஜூலையில நான் வேலைக்குச் சேரணும்.

அத்தை கிளினிக்ல ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. அங்கயும் இப்போ ஒரு மென்பொருள் வந்துடுச்சு. டிரெய்னிங்குக்கு வர்ற பொண்ணுங்க முதல்ல நோட்டுல தன் கையால எண்ணை எழுதணும். அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிப் பார்க்கலாம். ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஒரு நட்சத்திரம் போட்டு அத்தைகிட்ட கொண்டுவரணும். நேரம் அதிகம் ஆகுதுன்னு ஓனர் முனகுறாராம். "அவர் முனகட்டும்"னாங்க.

நான் இப்போ கோட் எழுதுறப்போ அதையே பண்ணிப் பார்க்கிறேன். பிழை வந்தா, என்ன காரணமா இருக்கும்னு ஒரு வரி பேப்பர்ல எழுதிட்டு அப்புறம்தான் டூலைக் கேக்குறது. பாதி நேரம் என் வரி தப்பு. ரூம்மேட் இதைப் பார்த்து என்னை ஓட்டாத நாளில்ல.

ரிவ்யூ அன்னிக்கு 81-ஐத்தான் போட்டோம். எங்களுக்கு முன்னாடி வந்த டீம் அதே டேட்டாவுல 98 காட்டிட்டுப் போயிருந்தாங்க. பேனல்ல ஒரு சார், "என்னப்பா, போன ரிவ்யூவுல 97 சொன்னீங்க, குறைஞ்சிருக்கே?"ன்னு கேட்டார். அடுத்த ஸ்லைடைத் தள்ளினேன். ரெண்டு கண்ணு, பக்கத்துல பக்கத்துல, ரெண்டுலயும் அதே மூலையில அதே சாம்பல் புள்ளி. "சார், இதுல எது நோய்னு சொல்லுங்க"ன்னேன். சார் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார்.